வெயிலில் தெரியாத திரை

பிப்ரவரி 3, 2025

காவலூர் வந்து சேர்ந்தேன். ஆலங்காயத்தில் பேருந்துக்காக இரண்டு மணி நேரம் நின்றேன். வண்டி கிளம்பிவிட்டதா, வருமா, வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி கொடுத்திருக்கும் எட்டு வாரத்தில் என்ன செய்வது என்று ஒரு மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அது நின்ற இடத்திலேயே முடிவாகிவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. வாரத்தில் ஐந்து நாள் வேலை, சனிக்கிழமை பட்டப்படிப்பு வகுப்பு. மேலாளர் மணிவேல் கிளம்பும்போது சொன்னார்: "உங்க ஊர்க்காரங்க பத்து பேர், பத்து போன்ல, மூணு வாரம் விடாம உபயோகிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டுங்க." காட்டினால் மூன்றாம் வருடம் நான் கேட்ட குழு, திரை வடிவமைப்பு. இல்லையென்றால் மறுபடி சோதனைப் பிரிவு. அங்கே ஒரு வருடம் இருந்தாயிற்று. அடுத்தவர் செய்த பொத்தானை நாளுக்கு இருநூறு தடவை அழுத்தி, வேலை செய்கிறதா என்று எழுதுவது.

வடிவமைப்பு எனக்கு எவ்வளவு வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும்.

பிப்ரவரி 5

வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடங்கள்: தண்ணீர்த் தொட்டி மேல். அவ்வளவுதான்.

பிப்ரவரி 8

நடத்துநர் சிங்காரம் அண்ணனிடம் பேசினேன். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்கிற நான்கு இடங்களில் அவர் தன் போனில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வண்டி எங்கே வருகிறது என்று, சிக்னல் உள்ள நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் தங்கள் போனில் பார்ப்பார்கள்.

"ஒரு பட்டன்தானே? டிக்கெட்டு கிழிக்கிறேன், சில்லற குடுக்குறேன், ஆட்டுக்குட்டிய மடியில வெச்சிக்கினு வர்றவங்களோட சண்ட போடுறேன். இது இன்னா பெரிய விஷயம்? ஆனா லேட்டுனு மட்டும் அதுல போடாத."

போடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

பிப்ரவரி 14

திரை முடிந்தது. கருப்புப் பின்னணி, மங்கலான மஞ்சளில் சின்னச் சின்ன எழுத்து, ஓரத்தில் மலைப்பாதையின் வளைவு ஒரு மெல்லிய கோடாக. விளக்கு வைக்கும் நேரத்தில் தொட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சென்னையிலிருந்து என் வேலையை மேற்பார்வையிடும் சரிதாவுக்கு அனுப்பினேன். "செம அழகு பூவிழி! ஃப்ரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டலாம்" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கர்வம்தான். ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 19

தொடங்கியாயிற்று. பத்து பேர். நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் காந்தா அக்கா, புளி மூட்டையோடு சந்தைக்குப் போகும் செவ்வந்தி அத்தை, இன்னும் எட்டுப் பேர். முதல் நாள் செயலி முப்பத்தொரு தடவை திறக்கப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 22

இன்றைய ஆன்லைன் வகுப்பில் 'கியூ' என்னும் தரவு அமைப்பு. முதலில் வந்தவர் முதலில் போவார். ஆசிரியர் எங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறியதில்லை.

பிப்ரவரி 24

முதல் நான்கு நாள் கணக்கு: முப்பத்தொன்று, பதினெட்டு, ஒன்பது, நான்கு. எல்லாம் விடிகாலையில் அல்லது சாயங்காலத்தில். பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஆனால் கூட்டம் அதிகமாக நிற்பது அப்போதுதானே?

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லோரிடமும் ஒரே பதில்: "நல்லாகீதும்மா." சரி, அப்படியென்றால் ஏன் திறப்பதில்லை? "நல்லாகீதும்மா, டீ குடி."

பிப்ரவரி 26

ஏழு டீ குடித்தேன். ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. என் மனம் நோகக்கூடாதாம். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் இன்னா பண்றது? மதிப்பாய்வுக்கு இன்னும் நான்கு வாரம் கூட இல்லை. இப்படியே போனால் மறுபடி அந்த இருநூறு பொத்தான்தான். அழுகை அழுகையா வருது.

படித்துக்கொண்டிருக்கும் ரஷ்ய நாவலில் ஆளாளுக்கு ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார்கள். பாதகம் இல்லை, அவர்களுக்கு ரயில் வந்துவிடுகிறது.

பிப்ரவரி 28

மூளையே இல்லை எனக்கு. இத்தனை நாளும் உச்சி வெயிலில் ஒரு தடவைகூட நிறுத்தத்தில் போய் நிற்கவில்லை. இன்று நின்றேன்.

செவ்வந்தி அத்தை புளி மூட்டை மேல் உட்கார்ந்து, முந்தானையைத் தலைக்கு மேல் கூடாரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே குனிந்திருந்தார். உடம்பு சரியில்லையோ என்று ஓடினேன்.

"இன்னாத்தே?"

"உன் ஆப்புதான் பாக்குறேன். முக்காடு போட்டாதான் தெரியுது. இல்லாங்காட்டி என் மூஞ்சிதான் தெரியுது. தல வாரிக்கறதுக்கு நல்லாகீது."

போனை வாங்கிப் பார்த்தேன். கருப்புக் கண்ணாடிபோல என் முகம். பின்னால் வானம். எழுத்தே இல்லை.

அப்போது டீக்கடைக்குள்ளிருந்து காந்தா அக்காவின் குரல்: "வண்டி ரெண்டாவது வளைவு ஏறிச்சு! மூட்டைய எடுங்க!" நிறுத்தமே எழுந்து நின்றது. தினமும் நடப்பதுதானாம். அடுப்புக்குப் பின்னால் இருட்டான மூலையில் போய் அவர் ஒருவர் பார்ப்பார், கத்துவார். மற்ற யாரும் திறக்கத் தேவையே இல்லை.

"முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?"

"நீ ஆசையா செஞ்சிருக்க. கருப்பாகீதுன்னு எப்படிமே வாயத் தொறந்து சொல்றது?"

மார்ச் 1

ஏன் கருப்பில் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் அப்பா எதிர்வீட்டு வாசலில் நின்று, புதிதாக மாட்டிய பல்புக்கு மேல்மூடி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா வானாய்வகத்தில் காவலர். எங்கள் ஊரில் வெளி விளக்கு எல்லாமே தலை குனிந்திருக்கும். வெளிச்சம் மேலே போனால் தொலைநோக்கிக்கு இடைஞ்சல். பளிச்சென்ற விளக்கு போட்டால், சத்தமாகப் பாட்டு வைத்தவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பிறந்ததிலிருந்து அப்படி வளர்ந்தவளுக்கு வெள்ளைத் திரை கைக்கே வரவில்லை. அழகு என்று நினைத்தேன். அது வெறும் பழக்கம்.

அப்பாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன் பாப்பா, டெலஸ்கோப்பா வந்து பஸ்ஸு டைமு பாக்கப் போவுது?"

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாற்றிவிட்டேன். வெள்ளைப் பின்னணி, கட்டைவிரல் அகலத்துக்குக் கருப்பு எழுத்து, ஒரே ஒரு வரி: வண்டி இப்போது எங்கே. அந்த மெல்லிய வளைவுக் கோட்டை அழிக்கும்போது கொஞ்சம் வலித்தது.

மார்ச் 4

பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய என் பழைய போனை டீக்கடை முன்தூணில் கட்டித் தொங்கவிட்டோம். திரை சாலையைப் பார்த்தபடி. வெயிலிலும் தெரிகிறது. காந்தா அக்காவுக்குத் தொண்டை மிச்சம். ஆனாலும் கத்துகிறார்.

மார்ச் 12

ஒரு சிக்கல். இப்போது எல்லோரும் தூணைத்தான் பார்க்கிறார்கள். தன் போனில் தினம் திறப்பவர்கள் நான்கு பேர்தான். நிபந்தனை பத்து பேர்.

நிறுத்தத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். செவ்வந்தி அத்தை உடனே, "இதுக்கா மூஞ்ச இப்படி வெச்சிக்கினுகீற? பத்து பேரும் காலைல ஒருவாட்டி தொறந்து மூடிர்றோம். பல்லு வெளக்குற மாதிரி. போதுமா?" என்றார்.

சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நிஜமாகவே வந்தது. பத்து விரல், பத்து நொடி, வடிவமைப்புக் குழு.

பிறகு கருப்புத் திரை நினைவுக்கு வந்தது. என் மனம் நோகாதிருக்க "நல்லாகீது" என்றார்கள், நான் ஒன்பது நாள் குருடாக இருந்தேன். இதுவும் அந்த 'நல்லாகீது'தானே, எண்ணாக மாறி வருகிறது?

"வேணாம் அத்தே" என்றேன். "பொழைக்கத் தெரியாத பொண்ணு" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டு, கைநிறைய புளியங்காய் கொடுத்தார்.

பயமாத்தான் கீது.

மார்ச் 24

மதிப்பாய்வு. தொட்டி மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். திரையில் மூன்று பேர். அறிக்கையின் முதல் பக்கத்தில் நான் செய்த தவறை எழுதியிருந்தேன். அப்பா சொன்ன டெலஸ்கோப்பு வரியையும் வாசித்தேன். சரிதா மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு, "நானும் ஏசி ரூம்ல உக்காந்துதானே அழகுன்னேன்" என்றாள்.

மணிவேல் சிரிக்கவில்லை. "பத்து போன்னு சொல்லியிருந்தேன். நாலுதானே இருக்கு?"

"ஆமா சார்."

"சார் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரி சார்."

தூணில் தொங்கும் போனின் படத்தைக் காட்டினேன். நண்பகல், எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

"இதுல எத்தனை பேரு?"

"பதினாலு. ஆடு சேர்க்காம."

"முடிவு சொல்ல ரெண்டு வாரம் ஆகும்" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 7

இன்னும் வரவில்லை. சனிக்கிழமைத் தேர்வு நன்றாக எழுதினேன். கியூ கேள்வி வந்தது.

ஜூன் 9, சென்னை

காந்தா அக்காவிடமிருந்து குரல் செய்தி: "உன் போனு சார்ஜு எறங்கிப்போச்சுன்னு ஒருத்தரு என்கூட சண்டைக்கு வராரு. நான் இன்னா பஸ் டிப்போவா நடத்துறேன்?" மூன்று தடவை கேட்டுச் சிரித்தேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு வழக்கம்போல எங்கள் வடிவமைப்புக் குழு மொத்தமும் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கியது. இப்போது எந்தத் திரையும் வெயிலைப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை. இன்று என்னுடைய திரை. ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் மெல்ல நகர்ந்து வேப்பமர நிழலுக்குள் போய், "நல்லா தெரியுதே" என்றார்.

"மணிவேல், வெயிலுக்கு வாங்க" என்றேன்.

அவர் வந்து நின்ற பிறகுதான் கவனித்தேன், 'சார்' சொல்லவில்லை என்று.