சீதனக் காணிக்கு ஓர் ஒப்பம்

ஓஸ்டர்முண்டிகன்
21.11.1987

அன்பின் அத்தானுக்கு,

குளிருக்கு உங்கள் இருமல் குறைந்ததோ? உங்களைப் பிரிந்து வந்தபின் எழுதும் முதற் கடிதம். கோபத்தில் கிழித்துவிடாதீர்கள்.

போன மாதம் ஊரில் தங்கச்சி தில்லைநாயகிக்குக் காலில் ஷெல் குண்டு பட்டது. கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பெரிய ஒப்பரேஷன் செய்தால் காலைக் காப்பாற்றலாமாம். சுணங்கினால் எடுக்கவேண்டி வருமாம். அந்தச் செலவுக்கு என் சீதனக் காணியை விற்கிறேன். வாங்க ஆள் உண்டு. ஆனால் கொழும்பில் உறுதி எழுதும் நொத்தாரிசு, "காணி சிவகலாவின்ரைதான். எண்டாலும் எங்கடை தேசவழமைச் சட்டத்திலை புருஷன்ரை ஒப்பம் இல்லாமல் விக்கேலாது" என்று சொல்லிவிட்டாராம்.

நீங்கள் ஒப்பம் வைக்கவேண்டிய சம்மதப் பாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உடனே ஒப்பம் வைத்து அனுப்புங்கள்.

உங்கள்
சிவகலா


எங்கடின்
28.11.1987

அன்பின் கலாவுக்கு,

தில்லையை நினைத்து அழுதேன். அவள் எனக்கும் தங்கச்சிதான். ஆனால் ஒப்பம் கைக்கு வந்தால் நீர் திரும்பி வரமாட்டீர். ஹோட்டலில் கோப்பை கழுவிவிட்டு அறைக்கு வந்தால் கதைக்க ஒரு சீவன் இல்லை. அன்று கை நீட்டியது என் பிழைதான். வாரும். உமக்கு முன்னால் ஒப்பம் வைக்கிறேன்.

தவராஜா


ஓஸ்டர்முண்டிகன்
4.12.1987

அத்தான்,

இங்கத்தைப் பாஷை தெரிந்த இராஜேந்திரன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு இங்குள்ள சட்ட ஆலோசனை நிலையத்துக்கு ஓடினேன். வாற ஜனவரியிலிருந்து புதுச் சட்டப்படி இந்த நாட்டில் மனைவி வேலைக்குப் போகக் கணவன் சம்மதம் தேவையில்லையாம். "அப்ப என்ரை காணி?" என்று கேட்டேன். அது உங்கள் ஊர்ச் சட்டம் என்று அங்கிருந்த வெள்ளைக்கார அம்மா கையை விரித்துவிட்டா. ஊரில் வழக்குப் போடலாமென்றால், சண்டையில் நீதிமன்றம் பூட்டிக் கிடக்கிறது.

வேலையை விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் திகதி ரயிலில் வாறன். நீங்கள் அடித்தாலும் அங்கேயே இருப்பேன். ஒப்பத்தை மட்டும் இன்றைக்கே அனுப்புங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

சிவகலா


எங்கடின்
8.12.1987

கலா,

'நீங்கள் அடித்தாலும்' என்ற இடத்தை வாசித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒப்பம் வைத்த பாரம் இத்துடன். வரவேண்டாம். மனம் வந்தால் மட்டும் வாரும். ஸ்டேஷனில் பார்த்து நிற்பேன்.

தவராஜா


ஓஸ்டர்முண்டிகன்
16.1.1988

திரு. தவராஜா அவர்களுக்கு,

காணி விற்றாயிற்று. ஆனால் பாரம் கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்கு நான்கு நாள் முன்னதாகவே தில்லையின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவளுக்கு வயது பத்தொன்பது.

என் வேலை திரும்பக் கிடைத்தது. நான் இனி அங்கே வரமாட்டேன்.

தில்லை எழுதியிருக்கிறாள்: "அக்கா, அத்தான் ஏன் சுணங்கினவர்?"

நீங்களே அவளுக்கு எழுதுங்கள். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

சிவகலா