இடது கை முதுகுக்குப் பின்னால்

அன்புள்ள அண்ணா,

இன்று ஆயுத பூஜை. நீ இல்லாமல் வரும் முதல் பூஜை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே.

வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவில் பார்த்துவிட்டு வந்து நீ அடம்பிடித்து வாங்கிய வீடியோ கேம் மிஷின் அதே இடத்தில்தான் இருக்கிறது. வில்லியனூர் கடைத்தெருவில் நம் மளிகைக் கடைக்குள் நுழைந்ததும் வலப்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு எதிரில். டவுனிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்து அம்மாதான் சரி பண்ண வைத்தாள். காலையில் கடை திறந்ததும் அவளே சுவிட்சைப் போடுகிறாள். "அந்தச் சத்தம் கேட்டாத்தான் எம்புள்ள கடையில நிக்கற மாதிரி இருக்குது" என்கிறாள். நானோ அதைக் கேட்டதும் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.

பசங்களுக்கு அதன் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். கைப்பிடி, பொத்தான்கள், பறக்கும் ராக்கெட். பின்கதவைத் திறந்தால் பூரான் மாதிரி கால் வைத்த ஐசிகள் உட்கார்ந்திருக்கும் பச்சை போர்டு. அதற்கு மேலே பிக்சர் டியூப், அதன் மேல் ஒட்டிய கருப்பு ரப்பர் மூடி, அதிலிருந்து போகும் சிவப்பு ஒயர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மூடிக்குள் கரண்ட் தங்கியிருக்கும் என்று நீ சொன்ன நாளிலிருந்து அந்தப் பக்கம் நான் பெருக்கக்கூடப் போவதில்லை.

பெரிய இன்ஜினியர் என்று உனக்கு நினைப்பு. வலது கை உள்ளே, இடது கை எப்போதும் முதுகுக்குப் பின்னால். "ரெண்டு கையும் உள்ள போனா கரண்ட் நெஞ்சு வழியாப் போவும்டி" என்பாய். நான் முன்னால் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிப்பேன். நீ பின்னாலிருந்து எட்டி, கண்ணாடியில் படத்தைப் பார்த்துக்கொண்டே போர்டில் இருக்கும் குமிழைத் திருகுவாய். படம் சரியானதும் "போதும்" என்பாய்.

அந்தக் கடைசி நாளில் படம் உருண்டுகொண்டே இருந்தது. பிறகு நேராக நின்றது. ராக்கெட், நட்சத்திரம் எல்லாம் தெளிவாக. நீ "போதும்" என்று சொல்லவேயில்லை. நான் கண்ணாடியைப் பிடித்தபடியே நின்றிருந்தேன்.

போர்டு நழுவியிருக்கிறது. உடைந்துவிடுமே என்று இடது கையையும் நீட்டிப் பிடித்திருக்கிறாய். ஏன் அண்ணா? போனால் போகட்டும் என்று விட்டிருக்கக் கூடாதா?

அம்மாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. போன பூஜைக்கு மிஷினுக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தோம், உள்ளே வைக்கவில்லை, அந்தக் கோபத்தில்தான் அது உன்னைக் காவு வாங்கியது என்கிறாள். இன்று காலை அவளே சுவிட்சை அணைத்தாள், பிளக்கைப் பிடுங்கினாள், பின்கதவைத் திறந்தாள். குழைத்த சந்தனம் வழியும் விரலோடு அந்த ரப்பர் மூடியை நோக்கிக் குனிந்தாள்.

"தொடாதம்மா!" நான் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"இன்னாடி? அதான் பிளக்கப் புடுங்கிட்டனே?"

"உள்ள இன்னும் இருக்குதும்மா. அண்ணன் சொல்லிச்சி."

"அப்ப பொட்டு வைக்காம வுடச் சொல்றியா? அவன வுட்ட மாதிரி உன்னியும் வுடச் சொல்றியா?"

அழுதாள். இன்று தடுத்தாலும், நான் இல்லாத நேரம் பார்த்து அவள் கை உள்ளே போகும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மூடிக்குள் தங்கிய கரண்டை இறக்க நீ ஒயர் கட்டி வைத்திருந்த நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். நீ செய்வாயே, அதே மாதிரி ஒயரின் மறுமுனையை டியூபைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் மாட்டினேன். பயந்துபோய் அம்மா என் கையைப் பிடிக்க வந்தாள். "என்னத் தொடாதம்மா, தள்ளி நில்லு" என்றேன். அவளை அப்படி நான் விலக்கியதே இல்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்தேன். ஸ்க்ரூடிரைவர் முனையை ரப்பருக்கு அடியில் செருகினேன்.

படாரென்று ஒரு பொறி. மறுபடி முனையால் தொட்டுப் பார்த்தேன், சத்தமில்லை.

"போதும்மா" என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அம்மா பொட்டு வைத்தாள். பிறகு எனக்குப் பின்னால் வந்து, மடித்த கையைப் பிடித்துக்கொண்டாள். அது விறைத்துப் போயிருந்தது. அவள்தான் மெல்ல நீட்டிவிட்டாள்.

என் பயம் போகவில்லை அண்ணா. போகவும் வேண்டாம். பின்கதவுச் சாவி இனி என் இடுப்பில்தான் இருக்கும். எந்தப் பூஜைக்கும் அம்மாவின் விரலுக்கு முன்னால் என் கைதான் உள்ளே போகும், ஒரே ஒரு கை. உள்ளே எது நழுவினாலும், எது உடைந்தாலும், இன்னொரு கையை நான் நீட்ட மாட்டேன். அம்மாவுக்கு அந்தக் கை வேண்டும்.

கண்ணாடி பிடித்த உன் தங்கச்சி,
செல்வி