கொம்பனி கேட்டது என்னை மட்டும்

மார்ச் 9, திங்கள்

ஷிரோக்கோ. விடிந்ததிலிருந்து சூடான காற்று, பல்கனி முழுக்கச் செந்தூசி. துவைத்ததையெல்லாம் திரும்பத் துவைக்க வேண்டும்.

நான் பார்த்துக்கொள்கிற வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் சூப் வைத்துக்கொண்டிருந்தபோது போன். மீன்பிடிக்கும் ரப்பர் இரைகள் செய்கிற ஒரு கொம்பனி. இத்தாலியனில் பேசியவர் பெயர் தாவிதே. போன மாதம் ஏரியில் நடந்த பாஸ் மீன் பிடிக்கும் போட்டியில் எங்களைப் பார்த்தாராம். ஸ்பொன்சர் பண்ண விருப்பமாம். நானும் கணவரும் ஒரே படகு என்றேன்.

"இல்லை சிஞ்ஞோரா, உங்களை மட்டும். போட்டிக்கு வாற பெண்கள் குறைவு. வீடியோவுக்கு நல்லாயிருக்கும்."

சூப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

கொம்பனிப் பெயர் போட்ட சேட்டுக்கு வருடக்கணக்காக ஆசைப்பட்டவர் என் கணவர் அன்ரன். என்னை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனதே அவர்தான்.

வீட்டுக்கு வந்தால் குசினியில் ரப்பர் உருக்கிக்கொண்டிருக்கிறார், தூண்டிலுக்குப் புழு செய்ய. நாற்றம்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"காத்து" என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

காற்று விழுந்துவிட்டது. வாங்க வேண்டியது: வெங்காயம், விம், பஸ் ரிக்கற்.

தாவிதே நிபந்தனைகளை அனுப்பியிருக்கிறார். பஸ்ஸில் வாசித்தேன். ஸ்பொன்சர் என்றால் சம்பளம் என்று நினைத்திருந்தேன். இல்லை.

தருவது: ஒரு சேட், தொப்பி, பெட்டி பெட்டியாக இரை, தூண்டில் பாதி விலைக்கு, இந்தப் பருவத்துக்கான போட்டிக் கட்டணம்.

கேட்பது: கிழமைக்கு ஒரு வீடியோ. இடைக்கிடை சனிக்கிழமைகளில் கடையில் நின்று ஆட்களோடு கதைப்பது. படகில் அவர்களின் இரை மட்டும்.

கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். போன போட்டியில் பெரிய மீன் கடித்தது அன்ரன் செய்த கறுப்புப் புழுவில். அதை வீட்டில் வைத்துவிட வேண்டுமா? அவரையும் சேர்த்தா?

இறங்கும் தரிப்பைத் தவறவிட்டு நடந்தேன். போர்கோ வெக்கியோ சந்தையில் இரண்டு தமிழ் அக்காமார், என்னைக் காணாமல்: "பிடிச்ச மீனை நிறுத்துப்போட்டுத் திருப்பித் தண்ணிக்கை விடுகினமாம். அதுக்கொரு போட்டியாம்!"

சிரிப்பு வந்தது. அவரிடம் இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிட்டேன். சாப்பாடு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது.

"ஸ்பொன்சருக்குக் கேட்டவை. என்னை மட்டுந்தான்."

கோப்பையைக் கீழே வைத்தார். "எப்ப கேட்டவை?"

"திங்கக்கிழமை."

"இதையோ இவ்வளவு நாளும் வைச்சுக்கொண்டிருந்தனீர்? போன கிழமை நீர் சோதிக்கக் குடுத்த ரத்தத்திலை ஏதோ பிழையாக்கும், எனக்கு மறைக்கிறீர் எண்டு நான் பயந்துபோனன்."

ரத்தத்தில் ஒன்றுமில்லை. சோதனைத் துண்டு ஃபிரிட்ஜுக்கு மேலேயே கிடக்கிறது. காட்டினேன். வாசித்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கூப்பிடவில்லை நான்.

வரும்போது கையில் பாண். முகம் தெளிவாகத்தான் இருந்தது.

"ஓம் எண்டு சொல்லும். ஆனா படகு ஆர் ஓட்டுறது எண்டு கேட்டுப்போட்டுச் சொல்லும்."

மார்ச் 13, வெள்ளி

சிஞ்ஞோரா தூங்கிய பிறகு, மாடிப்படியில் நின்று தாவிதேக்குப் போன். இரண்டு விஷயம். படகில் கணவர் இருப்பார். அவர் செய்கிற புழுவையும் பாவிப்பேன். இல்லையென்றால் வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்லியே விட்டேன்.

அவர் சிரித்தார். "வேறை கொம்பனியின்ரை இரைதான் எங்களுக்குப் பிரச்சினை. வீட்டிலை உருக்கிறது கொம்பனியே? வீடியோவிலை மட்டும் காட்டாதேங்கோ. படகிலை அவர் இருக்கட்டும், கமரா பிடிக்கவும் ஒராள் வேணும்தானே."

"அவருக்கும் ஒரு சேட்?"

"ஒண்டுதான். அதிலை மாற்றமில்லை."

படியிலேயே இருந்துவிட்டேன். இவ்வளவுதானா!

கடையில் நிற்கிற சனிக்கிழமைகளுக்குச் சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டாயிற்று. அவவின் மகள் வந்து நிற்பாவாம்.

மார்ச் 15, ஞாயிறு

விடியப் பூசை, பிறகு ஏரி. குளிர். தண்ணீரில் பனிப்புகார். முதல் வீடியோ எடுக்கப் பார்த்தோம். முதல் தரம் படத்தில் என் தலை விழவில்லை. இரண்டாம் தரம் நான் இத்தாலியனில் உளறினேன். மூன்றாம் தரம் பக்கத்துப் படகுக்காரன் கமராவுக்குக் கையைக் காட்டினான்.

போனைப் பிடித்தபடி அன்ரன் சொன்னார்: "ஒண்டு சொல்லட்டே? வியாழக்கிழமை நான் பொறாமையிலைதான் வெளிக்கிட்டுப் போனனான். துறைமுகம் வரைக்கும் நடந்தனான்."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் கிடக்கு. பரவாயில்லை. நீர் எறியும்."

எறிந்தேன். அவர் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. சொல்லாமல் இருந்திருந்தால்தான் பயந்திருப்பேன்.

அப்போதே கடித்தது. தூண்டில் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. "விடாதையும்! விடாதையும்!" போனை எங்கே போட்டாரோ, இரண்டு கையாலும் வலையை நீட்டிக்கொண்டு கத்துகிறார்.

இரண்டு கிலோவுக்குக் கிட்ட. திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டோம். வீடியோ இல்லை.