ஒரு நாளைக்கென்று சுற்றிய கம்பி

இன்று சாயங்காலம் அப்பா காரின் உறையைக் கழற்றினார், அண்ணா. ஏழு மாதத் தூசி வாசல் முழுக்கப் பறந்தது. பேட்டரிக்கு நேற்றே சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். முதல் தடவையிலேயே வண்டி கிளம்பிவிட்டது. அம்மா படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா உன் பாட்டைப் போட்டு, சத்தத்தையும் ஏற்றினார். டிக்கிக்குள் உன் இரண்டு சப்வூஃபர் ஸ்பீக்கரும் அசைந்தன. அந்தப் பழைய அதிர்வு செருப்பு வழியாக என் காலில் ஏறியது. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி முனகியது.

மூன்றாவது பாட்டு ஓடும்போது அந்த வாசனை வந்தது. சூடான பிளாஸ்டிக். அயர்ன் பாக்ஸ் ஒயர் கருகினால் வருமே, அதே மாதிரி, ஆனால் ரொம்ப லேசாக, பானட் பக்கமிருந்து. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது தெரியவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நீ இருந்திருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும்.

அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். போன் வெளிச்சத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். விடிந்தால் சிதம்பரம் போகிறோம். அக்காவுக்கு வளைகாப்பு. வீட்டில் துக்கம் என்பதால் எளிமையாகத்தான் செய்கிறார்கள். முடிந்ததும் அக்காவை இந்தக் காரில் ஏற்றி முதுநகரில் நம் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அவளுக்கு ஒன்பதாம் மாதம். பின்சீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள். முன்னால் பானட்டுக்குள் நான் சுற்றிய கம்பி இருக்கும்.

நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அக்கா போனில் சொன்ன அன்றுதான் உனக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஆசை வந்தது. "தாய்மாமன் ஆவப் போறேன் பாப்பா. நம்ம வண்டி தெற்கு வீதில நொழஞ்சா அவ மாமியார் ஊட்டுல பாத்திரம் ஆடணும்" என்றாய். பழைய ஆம்ப்ளிஃபயர் சின்ன ஸ்பீக்கர்களுக்கென்று வாங்கியது. அதில்தான் அந்த இரண்டு பெரிய சப்வூஃபரையும் மாட்டியிருந்தாய். சத்தத்தைக் கூட்டினால் நெஞ்சில் தம் தம்மென்று அடி விழாது, கரகரப்புதான் வரும். கார் ஸ்டாண்டில் உன் சிநேகிதர் ஜான் அண்ணன் கேலி செய்வார். "மச்சான், ஊர் பூரா வெயிலு. ஒன் வண்டிக்குள்ள மட்டும் தகரக் கொட்டாயில மழ பெய்யுதுடா."

நான் அப்போதுதான் பிளஸ் டூ சேர்ந்திருந்தேன். மின்னோட்டவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. "கணக்குக்கு நான் பத்தாவதுலயே டாட்டா காட்டிட்டேன். நீ கணக்கப் போடு, நான் கம்பிய இழுக்குறேன்" என்று சொல்லி என்னைத் திருப்பாதிரிப்புலியூர் கடைக்குக் கூட்டிப்போனாய். கடைக்காரர் ஐயாயிரம் வாட்ஸ் என்று தங்க எழுத்தில் போட்ட பெட்டியை எடுத்து வைத்தார். உன் கண் அதிலேயே நின்றுவிட்டது. நான் ஆம்ப்ளிஃபயரின் ஓரத்தில் செருகியிருந்த ஃபியூஸ்களைப் பார்த்தேன். இருபத்தைந்து ஆம்பியரில் இரண்டு.

"அண்ணா, இது அஞ்சாயிரம் எப்பிடிக் குடுக்கும்? அம்பது ஆம்பியர்தான் உள்ளயே போவுது. பன்னெண்டு வோல்ட்டால பெருக்குனா அறநூறு. அதுலயும் கொஞ்சம் சூடாப் போயிடும்."

அவர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்தார். "என்னா தம்பி, கூடவே இன்ஸ்பெக்டரக் கூட்டியாந்துட்ட?"

"தங்கச்சிண்ணே. பிளஸ் டூ."

"மொதல்லயே சொல்றதில்லியா" என்று பெட்டியை மூடிவிட்டு உள்ளே போனார். பளபளப்பில்லாத, செங்கல் மாதிரிக் கனமான ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் முப்பது ஆம்பியர் ஃபியூஸ் மூன்று இருந்தன. இரண்டு ஓமுக்கு எண்ணூறு வாட்ஸ் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. உன் சப்வூஃபர்கள் நாலு ஓம், நாலு ஓம். பக்க இணைப்பில் சேர்த்தால் இரண்டு ஓம். ஒவ்வொன்றும் நானூறு தாங்கும். வாய்ப்பாடு மாதிரி எல்லாம் பொருந்தியது. வீடு வரும்வரை அது என் மடியில் இருந்தது. "பத்தரமாப் புடி. தாய்மாமன் சீரு" என்றாய்.

அம்மா புரண்டு படுத்தாள். கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தேன். ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி ஒன்று நகர்கிற சத்தம் கேட்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா பஸ் டியூட்டிக்குப் போனதும் நாம் ஆரம்பித்தோம். பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு ஒயரை எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே இழுத்தாய். தகர விளிம்பு ஒயரை அறுத்துவிடும் என்று சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாய். பிறகு டிக்கிக்குள் தலையை விட்டு, அடித்தகட்டில் ஒரு ரூபாய் அளவு பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தாய். அரை மணி நேரம் தேய்த்தாய். "எர்த்த பெயின்ட்டு மேல வச்சா ஏமாத்திடும் பாப்பா. வெள்ளையாத் தகரம் தெரியணும்." நட்டை முடுக்கி, மேலே கிரீஸ் பூசி, ஒயரைப் பிடித்து உன் முழுப் பாரத்தோடு இழுத்துப் பார்த்தாய்.

பேட்டரி பக்கத்து வேலையை எனக்குக் கொடுத்தாய். ஒயர் பேட்டரியை விட்டு ஒரு அடி போவதற்குள் நூறு ஆம்பியர் ஃபியூஸ் வரவேண்டும் என்று ஆம்ப்ளிஃபயரோடு வந்த புத்தகத்தில் படித்திருந்தேன். அது அந்த ஒயரைக் காப்பாற்றுவதற்கான ஃபியூஸ். வழியில் எங்காவது ஒயர் உரசித் தகரத்தைத் தொட்டால் பேட்டரி முழுக்க அதன் வழியாகப் பாயும். ஹீட்டர் கம்பி மாதிரிச் சிவந்து, சீட்டுக்கு அடியில் கார்ப்பெட் பிடித்துக்கொள்ளும். உனக்கு இதைச் சொன்னதே நான்தான்.

பாட்டுப் போட்டுப் பார்க்கும் அவசரத்தில் பேட்டரி இணைப்பைக் கழற்றாமலே கடைசி நட்டை முடுக்கினேன். ஸ்பேனர் வழுக்கிப் பக்கத்துத் தகரத்தில் பட்டது. நீலமாக ஒரு பொறி. ஃபியூஸ் போய்விட்டது. "செத்துச்சா?" என்று டிக்கியிலிருந்து சிரித்தாய். வேறு ஃபியூஸ் இல்லை. ஞாயிறு, கடையும் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மங்கலம்பேட்டைக்குக் கல்யாணச் சவாரி உனக்கு. மாப்பிள்ளைப் பையன் பாட்டுக்காகவே உன் வண்டியைக் கேட்டிருந்தான்.

மிச்சமிருந்த ஒயரை உரித்து, செப்பு இழைகளை முறுக்கி, ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சுற்றினேன்.

"பரவால்லியா?" என்று கேட்டாய்.

"ஒரு நாளைக்குத்தான்" என்றேன்.

"நீ சொன்னா சரி."

நீ திங்கட்கிழமை ராத்திரி திரும்பி வந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். நம்பர் பிளேட் தடதடத்ததை அவர் தெருமுனையிலேயே கேட்டுவிட்டார். "நாள் முழுக்க இஞ்சின் பக்கத்துல உக்காந்துட்டு வரேன். ஊட்டுலயும் இடி இடிக்கணுமா? அந்த டப்பாவக் கழட்டுற வரைக்கும் என்கூடப் பேசாத." ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்தது நான் என்று நீ சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஃபியூஸ் வாங்கலாம் என்றிருந்தோம். செவ்வாய்க்கிழமை உனக்குக் காய்ச்சல். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் அப்பா உன் கட்டில் பக்கத்தில் நின்று பேசிய முதல் வார்த்தை, "வண்டியக் கழுவி வச்சிருக்கேன்." நீ தலையை ஆட்டினாய். அதற்கப்புறம் நமக்கு நிறைய நாள் இருக்கவில்லை.

போன மாதம் மெக்கானிக் வந்து, உறையை முன்பக்கம் மட்டும் தூக்கி, பானட்டைத் திறந்து, சிவப்பு ஒயரைத் தூக்கிப் பார்த்தார். அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுல மட்டும் கை வைக்காத. எம் புள்ள கையால போட்டது. அப்பிடியே இருக்கட்டும்." நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம்.

இன்று சாப்பிடும்போது, "நாளைக்குப் பாட்டு வேணாம்ப்பா" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "அவன் வரலன்னாலும் அவன் பாட்டு வரட்டும்மா" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

தலையணைக்கு அடியில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் போய் அந்தக் கம்பியை எடுத்துவிடலாம். ஆனால் காலையில் பாட்டு வராது. அப்பா மெக்கானிக்கைக் கூப்பிடுவார். கருகிய பிளாஸ்டிக்கைப் பார்த்து அவர், "எவன் பண்ண வேல இது?" என்பார். அப்பா உன் பேரைச் சொல்வார். சொல்லாமல் அப்படியே விட்டால் பின்சீட்டில் அக்கா. சொன்னால் அப்பாவிடம் மிச்சமிருப்பதையும் நான் பிடுங்கிக்கொள்கிறேன். இதையே எத்தனை தடவை நினைப்பது? மணி மூன்றரை ஆகிறது. நான் போகிறேன்.

வந்துவிட்டேன். கை கறுப்பு, நோட்டெல்லாம் ஒட்டுகிறது. பரவாயில்லை.

அப்பா காருக்குள் இருந்தார். டிரைவர் சீட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டில்லாமல். டிக்கியில் ஆம்ப்ளிஃபயரின் நீல விளக்கு மட்டும் எரிந்தது.

"தூங்கலியா பாப்பா?"

"பானட்டத் தொறக்கணும்ப்பா."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். ஃபியூஸ், ஸ்பேனர், ஒரு நாளைக்குத்தான் என்றது, எல்லாம். அழாமல் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. அப்பா இறங்கி வந்து பானட்டைத் தூக்கி, போன் வெளிச்சத்தைப் பிடித்தார். ஃபியூஸ் மாட்டும் கறுப்பு டப்பா ஒரு பக்கம் மெழுகு மாதிரித் தொங்கியிருந்தது.

"இது அவன் போட்டதில்லியா?"

"நான்ப்பா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். போனை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். "அப்ப இதுல அவன் போட்டது எது?" என்றார்.

அவரை டிக்கிக்குக் கூட்டிப்போனேன். கார்ப்பெட்டை விலக்கி உன் எர்த் நட்டைக் காட்டினேன். உப்புக்காற்றில் நம் வீட்டுக் கேட்டே துருப்பிடித்துக் கிடக்கிறது. உன் கிரீஸுக்கு அடியில் தகரம் அன்று பார்த்த மாதிரியே வெள்ளையாக இருந்தது.

"இது அண்ணன் போட்டது. இழுத்துப் பாருங்க."

இழுத்தார். அசையவில்லை. இன்னொரு தடவை, பலமாக. "கெட்டியா வச்சிருக்கான்" என்றார். கையை அங்கேயே வைத்திருந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் கார்ப்பெட்டை இழுத்து மூடிவிட்டு, "கழட்டு. நான் வெளிச்சம் காட்டுறேன்" என்றார். இந்தத் தடவை பேட்டரி இணைப்பை முதலில் கழற்றினேன். சிவப்பு ஒயரின் முனையை டேப்பால் சுற்றி ஒதுக்கினேன். செப்பு இழைகள் கறுத்து, தொட்டாலே ஒடிந்தன. பேட்டரியை மறுபடி மாட்டி, பானட்டை மூடும்போது அப்பா கேட்டார். "அந்த நூறு ஆம்பியரு சிதம்பரத்துல கெடைக்குமா?"

"கேட்டுப் பாக்கலாம்ப்பா. டப்பாவும் புதுசு வாங்கணும்."

"வளைகாப்பு முடிஞ்சதும் நீயும் நானும் போயிட்டு வந்துருவோம். சரியாப் பாத்து எடு. நீ சொன்னா சரி."

அவர் அதை உன்னிடமிருந்து கேட்டிருக்க முடியாது. இருந்தும் அதே வார்த்தை. இனி யார் என்னிடம் அப்படிச் சொன்னாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அடுப்படியில் விளக்கு எரிகிறது, அம்மா எழுந்துவிட்டாள். கறுத்த இழைகளை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்திருக்கிறேன். போகும்போது பாட்டு இருக்காது. திரும்பும்போது தெரியவில்லை. அக்காவைப் பின்சீட்டில் உன் நட்டு இருக்கும் பக்கமாக உட்காரவைப்பேன்.