ஆவியில் பிரித்த கவர்

உ

சங்கரன்கோவில்
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பொன்செல்விக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், கோமதி அம்மன் புண்ணியத்தில் புனேயில் நீயும் சாப்பாடு தூக்கம் குறையாமல் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் பேச ஆரம்பித்துவிடுவாய், நானும் மழை, மாவு என்று எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். நாலைந்து நாளாக எனக்கு அதிர்ச்சிக்கு மேல் அதிர்ச்சி, ஒன்று தெளிவதற்குள் இன்னொன்று. முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உன்னைக் கேட்க எனக்கு வாய் வரும்.

திருநெல்வேலிக்குப் போய் நீ படித்த கல்லூரியில் மதிப்பெண் பட்டியலை ஒட்டிய கவரில் வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்பச் சொன்னாய் அல்லவா, பிஎச்டிக்குத்தான் என்று நினைத்து வியாழக்கிழமை வாங்கி வந்தேன். ஒட்டின இடத்தில் முத்திரை, அதன் குறுக்கே கையெழுத்து எல்லாம் பக்காவாக இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைக்காமல் ஒரு தாள் நம் வீட்டுப் படி தாண்டியது கிடையாது, உன் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டிலிருந்து அப்படித்தான். உன் அப்பா கவர் மேலேயே தொட்டு வையேன் என்றார். மேலே வைத்தால் அது கவருக்குத்தானே சேரும், உள்ளே இருக்கும் தாளுக்கு எப்படிச் சேரும் என்று எனக்கு ஒரு கோட்டிப் புத்தி. வெள்ளிக்கிழமை காலையில் இட்லிப் பானை ஆவியில் கவரைக் காட்டினேன். பசை இளகிப் பிரிந்தது, கூடவே முத்திரையும் கரைந்து ஊதா மையாக வழிந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக யூனியன் ஆபீசில் டெண்டர் கவர்களைப் பத்திரமாகப் பூட்டி வைக்கிறவள் நான். கையெல்லாம் ஊதாவாக அடுக்களையில் நின்றபோது எனக்கே என்னை நம்ப முடியவில்லை.

அது போகட்டும் என்றால் எந்தப் படிப்புக்கு அனுப்புவது என்று குறித்து உள்ளே பட்டியலோடு வைத்திருந்த தாளைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பயோடெக்னாலஜியும் பிசினஸும் சேர்ந்த முதுகலைப் படிப்பு என்று போட்டிருந்தது. பிஎச்டி என்ற எழுத்தே எங்கும் இல்லை. பிரித்ததைச் சொல்லாமல் அன்று மதியம் உன்னிடம் நைசாகக் கேட்டேன். நீ சாவகாசமாக, அது ரெண்டு டிகிரி சேந்ததும்மா, பிஎச்டி கிடைக்கலேன்னா ஒரு பேக்கப்புக்கு, சும்மா போட்டு வைக்கேன் என்றாய். பாதி சிவன் பாதி பெருமாளாக நிற்கிற சாமியை இருபத்து நான்கு வருடம் கும்பிட்டு வளர்ந்தவள், இரண்டையும் ஒன்றாகப் படிக்கிறேன் என்றால் நம் ஊரில் யார் தப்புச் சொல்ல முடியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உன் அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். பிள்ளை விவரமாத்தான இருக்கா, நீ ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்க என்று என்னையே கேலி செய்தார்.

நேற்று லீவு போட்டுவிட்டு மறுபடி கல்லூரிக்குப் போனேன். கவர் கொடுக்கிற மைதீன் அண்ணாச்சியிடம் பொய் சொல்ல மனசு வராமல் இட்லிப் பானைக் கதையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். ஏம்மா, யூனியன் ஆபீஸ்ல இருக்கேன்னு சொல்லுதிய, நீங்களே இப்படிப் பண்ணலாமா என்றார். பிறகு நோட்டைப் புரட்டி, உங்க பிள்ளை ஒரு கவருதான கேட்டிருக்கு, பிஎச்டிக்குப் போடுத பிள்ளைய நாலு கவரு அஞ்சு கவரு வாங்கிட்டுப் போவாவ, இது வேற எங்கயும் போடலியா என்று கேட்டார். புதுக் கவரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து உனக்குப் போன் செய்து பிஎச்டிக்கு எங்கெல்லாம் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். எங்கயும் போடலம்மா, போட்டா மட்டும் கிடைக்கவா போவுது, லேப்ல வேலை கிடக்கு என்று சொல்லி வைத்துவிட்டாய். புளியங்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் நம் ஊரில் இறங்க வேண்டும் என்பதைக்கூட மறந்து தாண்டிப் போய்விட்டேன்.

ஏட்டி, முன்னால் ஒன்று இருந்தால்தானே பின்னால் இருப்பதற்குப் பேக்கப் என்று பெயர். உன் மாமா தோட்டத்து எலுமிச்சை நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தபோது, அந்த இலைகளை டிபன் பாக்ஸில் போட்டுத் தேதி எழுதி என் தோசை மாவுக்குப் பக்கத்தில் பிரிட்ஜில் அடுக்கியவள் நீ. தொடக்கூடாது என்று சீட்டு வேறு ஒட்டியிருந்தாய். அந்த டப்பாவில் நான் இன்றுவரை சாதம் கட்டவில்லை. ஒரு விஷயம் உனக்கு இதுவரை நான் சொன்னதில்லை. எம்.எஸ்சி. தாவரவியல் முதல் வருடம் படிக்கும்போது சும்மா ஒரு பரீட்சை எழுதினேன், இந்த வேலை வந்தது. இப்போதைக்குச் சேரு, படிப்பை அப்புறம் பாத்துக்கிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அந்த இப்போதைக்குத்தான் இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. வேலையைக் குறை சொல்லவில்லை, அந்த வேலைதான் உன்னைப் படிக்க வைத்தது. ஆனால் முயற்சி செய்து தோற்றேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. கிடைக்காது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரட்டைப் படிப்பு கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. அதற்கான புதுக் கவரை நேற்றே கூரியரில் அனுப்பிவிட்டேன், பிரிக்கவில்லை, மஞ்சளைக் கவர் மேலேயே தொட்டு வைத்தேன். மைதீன் அண்ணாச்சி அப்படிக் கேட்டபோதே, எதற்கும் இருக்கட்டும் என்று அவரிடம் கூட ஒரு கவர் கேட்டு வாங்கியிருந்தேன். அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எலுமிச்சை நோயை ஆராய்கிற ஒரு இடம் பற்றி ஆனி மாதம் என்னை வேலை செய்யவிடாமல் ஒரு மணி நேரம் பேசினாயே, அங்கே பிஎச்டிக்குப் போடக் கடைசி நாள் டிசம்பர் முப்பத்தொன்று என்று நீ சொன்னதை நான் அடுக்களைக் காலண்டரில் அன்றே குறித்து வைத்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, இல்லை என்பதை அவர்கள் சொல்லட்டும், நீயே சொல்லிக்கொள்ளாதே. அனுப்பு என்று உன்னைக் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். கவரில் முகவரி எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், காலையில் வெறும் டீயோடு ஓடாதே. அம்மன் உனக்கு நல்ல புத்தியும் நல்ல தைரியமும் தரட்டும். எங்கே எது படித்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். மறந்துவிடாதே, அந்தக் கவரைப் பிரிக்கக் கூடாது. நம் வீட்டில் ஒருத்தி பிரித்தது போதும்.

இப்படிக்கு
உன் அம்மா
ச. இசக்கித்தாய்