இடக்கைத் தாளம்

வகுப்பறை அலுமாரியைத் திறந்ததும் தைல வாசம் முகத்தில் அடித்தது. சுருதிப்பெட்டிக்குப் பின்னால், நீ வைத்த இடத்திலேயே போத்தல் சரிந்து கிடந்தது. மூடி இறுகவில்லை. நீ எந்த மூடியையும் ஒழுங்காக இறுக்கியதில்லை.

தாரணியின் வலக்கைக்காக வாங்கிய தைலம். பிறந்ததிலிருந்து மூடியே இருக்கும் அந்தக் கை மழைக்காலத்தில் நோகும். வகுப்பு தொடங்கமுன் அதை உன் மடியில் வைத்துத் தடவிவிடுவாய். ஒருநாள் அவளின் அம்மா ஆசையோடு கேட்டார்.

"இப்பிடித் தேய்ச்சால் விரல் விரியுமோ ரீச்சர்?"

"விரியாதம்மா. நோ குறையும், அவ்வளவுதான்."

எனக்கு அது கொடூரமான பதிலாகப் பட்டது. இப்போது யோசித்தால், அந்த அம்மாவிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் நீயாகத்தான் இருந்திருப்பாய்.

விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று நாம் இருவரும் தொடங்கிய சனிக்கிழமைப் பாட்டு வகுப்பு இன்னும் அதே மாடியறையில்தான் நடக்கிறது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் அதே ஒழுங்கை. ரயில் இரைந்துகொண்டு போகும்போது வாயை மூடவைத்து, தாளத்தை மட்டும் போடச் சொல்வாய். சத்தம் ஓய்ந்ததும் எல்லோரும் பாட்டின் ஒரே இடத்தில் வந்து சேரவேண்டும். நானே சிலநாள் தவறுவேன். தாரணி தவறியதில்லை. சொற்கள் அவளுக்குப் பிந்தித்தான் வரும். அதற்காகப் பாட்டின் வேகத்தைக் குறைத்தாய், சொல் வராத இடத்தில் ராகத்தை மட்டும் இழுக்கவிட்டாய். தாளம் அவளிடம் சரியாகவே இருந்தது. ஆனால் இடக்கையில் இருந்தது.

கலியாண வீட்டில் இடக்கையால் சந்தனம் நீட்டினாலே முகம் சுளிக்கிற சனம் நாங்கள். "சாமிப் பாட்டுக்கு இடக்கையாலயோ தாளம்?" என்று இன்னொரு பிள்ளையின் அப்பா கேட்டார். "சரஸ்வதிக்கு நாலு கை ஐயா. அதில பிழையான கை எது எண்டு நீங்களே காட்டுங்கோ" என்றாய். அவரே சிரித்துவிட்டார்.

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் முதன்முதல் பட்டம் வாங்கியவள் நான். ஆஸ்பத்திரியோ அரசாங்கக் கந்தோரோ, "படிச்சவள் நீதானே, கதை" என்று என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அந்த இடங்களில் கதைக்க எனக்குப் பயம் என்பது உனக்கு மட்டும் தெரியும். "எடி பயந்தாங்கொள்ளி, நீ பக்கத்தில வந்து நில். கதைக்கிறது என்ர வேலை" என்பாய். தாரணியின் சங்கீதப் பரீட்சை விஷயமாகவும் நீதான் போய்க் கதைத்தாய். தாளத்தை இடக்கையால் போடலாமென்று யாரோ தலையாட்டியதாக வந்து சொன்னாய். அது யாரென்று நீ சொல்லவில்லை. கேட்கவேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை. பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். அடுத்த கிழமை நீ இல்லை.

போன கிழமை பரீட்சை. பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம். துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். தாரணி இடக்கையைத் தூக்கியதுமே பரீட்சகர் நிறுத்தினார்.

"வலக்கையால போடுங்கோ பிள்ளை."

நான் எழுந்து கதைத்தேன். நீ நம்பமாட்டாய். முழுவதையும் சொன்னேன். கை விரியாது, லயத்தில் பிழையில்லை, முன்னரே கேட்டு வைத்திருக்கிறோம் என்றெல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"விளங்குது தங்கச்சி. ஆனா முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ. ஆர் உங்களுக்கு ஓம் எண்டு சொன்னது?"

சொல்ல என்னிடம் ஒரு பெயரும் இல்லை. அதற்குள் தாரணி மூடிய வலக்கையை மடியில் குத்தத் தொடங்கியிருந்தாள். அந்தக் கை அவள் சொல்வதைக் கேட்காது. தட்டு ஓரிடம், பாட்டு ஓரிடம். பல்லவியிலேயே நின்றுவிட்டாள். "அடுத்த வருசம் பாப்பம்" என்றார் அவர், அன்பாகத்தான்.

இன்று அவளைக் கொண்டுவந்து விட்ட அம்மா செருப்பைக் கழற்றவில்லை. "இந்த மாசத்தோட நிப்பாட்டுவம் ரீச்சர். பிள்ளைக்கு இருந்த சந்தோசமும் போட்டுது" என்றார்.

தாரணி இடக்கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பாடவில்லை. ரயில் போனபோது மற்றப் பிள்ளைகள் தாளம் போட்டார்கள். அவள் அசையவேயில்லை. நீ இருந்தால் என்ன செய்வாய் என்று யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். உன் பகிடியை நான் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது.

வேறு வழி தெரியாமல் வலக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, இடக்கையால் ஆதிதாளம் போட்டேன்: தட்டு, விரல் எண்ணிக்கை, கையைத் திருப்பும் வீச்சு. சின்ன விரலைத் தேடப்போக மோதிர விரல் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. தாரணி சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சொல்லைத் தேடித் தேடி எடுத்தாள்.

"வீச்சு... பிந்துது ரீச்சர்."

கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில், மடியிலிருந்த பைக்கு அடியில், யாரும் காணாதபடி இடக்கையால் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன். கொட்டாஞ்சேனை வந்தும் சரிவரவில்லை. உன் வாய் எனக்கு ஒருநாளும் வராது. என்னிடம் இருப்பது தடுமாறுகிற இந்தக் கைதான். அடுத்த சனி அவள் வருவாளோ தெரியாது. வந்தால், பிழை பிடிக்கவாவது அவளுக்கு இது இருக்கட்டும்.