ஆறு புள்ளி எட்டு

நாள் 64. காலை.
நிலவு நிலையம், உயிரியல் அறை. எழுதுபவர் சங்கரவடிவு. மீன் தொட்டித் தண்ணீரின் வெப்பம் 27, பி.எச். என்ற அமில அளவு 6.8, செம்பு இல்லை. செடிகள் நலம். குள்ள சிச்லிட் மீன் ஒரு ஜோடி, எட்டு நியான் டெட்ரா மீன்கள், கொஞ்சம் நத்தைகள். கொட்டாங்குச்சிக்குள் பெண் மீன் மூன்றாம் முறையாக முட்டையிட்டிருக்கிறது. உடம்பெல்லாம் மஞ்சள், காவல் காக்கும் நாட்களில் அதற்கு வரும் நிறம். இந்தத் தொட்டியில் ஒரு தலைமுறை பிறந்து காட்டினால்தான் அடுத்த கட்டமாகக் குடும்பங்களை இங்கே அனுப்புவார்கள்.

நாள் 66. மதியம்.
ஒரு முட்டைகூட இல்லை. முன்பு இரண்டு முறையும் இதே கதைதான். டெட்ராக்களின் மேல் சந்தேகம். எட்டையும் பிடித்து வாளியில் விட்டேன்.

நாள் 75. காலை.
நான்காவது முட்டைகளும் போயின. டெட்ரா இல்லை. ஆண் மீனையும் இந்த முறை முட்டையிட்டதுமே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டிருந்தேன். அப்படியானால் யார்?

இங்கே இருப்பது இரண்டே பேர். மற்றவர் இஞ்ஞாசி ரொசாரியோ. பொறியாளர், தூத்துக்குடிக்காரர். மீனுக்குக் கொடுக்கும் தண்ணீர் வீண் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர். இயந்திர அறையில் இருந்தவரை இன்டர்காமில் அழைத்தேன்.

"இஞ்ஞாசி, நேத்து மீன் தொட்டிப் பக்கம் வந்தியளா?"

"ஸ்பானர் எடுக்க வந்தேன்க்கா. ஏன்?"

"முட்டை எல்லாம் போயிட்டு."

"அதுக்கு நான்தான் கெடச்சனா? ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல. ஒரே குமட்டல். ஒங்க மீன் முட்டையில கை வைக்கத்தான் எனக்குத் தெம்பு இருக்காக்கும்."

நம்பவில்லை. அறைக்கதவின் கடவு எண்ணை மாற்றிவிட்டேன். எனக்கும் சில நாட்களாக வாயில் காசை வைத்ததுபோல் ஒரு ருசி. சத்து மாத்திரையாக இருக்கும்.

நாள் 84. காலை.
ஐந்தாவது முறை. கதவு பூட்டியே இருந்தது. தொட்டியின் முன் உட்கார்ந்து நானே பார்த்தேன். தாய்தான். ஒவ்வொரு முட்டையாக வாயில் எடுத்து, ஒரு கணம் அசையாமல் நின்று, விழுங்கியது. முட்டை கெட்டிருந்தால் செய்யும். குஞ்சு பிழைக்காத இடம் என்று தெரிந்தாலும் செய்யும்.

மணலில் நத்தைகள் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், நத்தைகள் மொத்தமாகச் செத்தால் தண்ணீரில் செம்பு கலந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சுவரில் உள்ள பேனல் செம்பு இல்லை என்கிறது. நாங்கள் குடிப்பதும் இதே தண்ணீர்.

நாள் 84. மாலை.
பழைய அளவுகளைப் பார்த்தேன். பி.எச். காலையில் 6.8, மாலையிலும் 6.8. வாரக்கணக்கில் இதேதான். செடி அடர்ந்த தொட்டியில் இது நடக்காது. விளக்கு எரியும்போது செடிகள் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், அளவு ஏறும். அணைந்தால் இறங்கும்.

சென்சாரைக் கழற்றி எலுமிச்சை ஊறுகாய்ச் சாற்றில் முக்கினேன். அந்தப் புளிப்பில் மூன்றுக்கும் கீழே இறங்க வேண்டும்.

6.8.

நாள் 85. காலை.
பூமித் தொடர்பு. மறுமுனையில் திட்ட இயக்குநர் அம்பலவாணன்.

"சார், பேனல்ல வர்றது யார் அனுப்புற நம்பர்?"

"மேடம், பதட்டப்படாதீங்க. அந்த சென்சார் முன்னாடியே போயிடுச்சு. பேனல் சிவப்பா எரிஞ்சா நீங்க ரெண்டு பேரும் பயந்துடுவீங்கன்னு இங்கிருந்து ஒரு சராசரியை அனுப்பிட்டிருக்கோம். குடும்பங்களை அனுப்பறதை முடிவு பண்ற கமிட்டி முடியற வரைக்கும்தான்."

"இஞ்ஞாசி பச்சையா வாந்தி எடுக்காரு சார்."

அவர் கமிட்டித் தேதியைச் சொல்ல ஆரம்பித்தார். இடைமறித்தேன்.

"வேற எதெல்லாம் சராசரி?"

"அதை இந்த லைன்ல பேச வேண்டாம் மேடம்."

நாள் 85. மதியம்.
தண்ணீர் மறுசுழற்சி இயந்திரத்தை இஞ்ஞாசி திறந்து பார்த்தார். உள்ளே செம்புக் குழாய் அரித்துப் பச்சை பூத்திருக்கிறது. மூடி பிரிக்காத அவசரத் தண்ணீரை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்பது நாட்கள் நான் கதவைப் பூட்டிவைத்தது யாருக்கு எதிராக என்று அவர் கேட்கவில்லை.

சற்று முன் இன்டர்காமில் அவர் குரல்.

"யக்கா, விண்வெளி உடுப்புல உள்ள ஆக்சிஜன் மீட்டரக் கழட்டி ரூமுக்குள்ள வச்சுப் பாத்தேன். செவுத்துப் பேனல்ல இருபத்தொண்ணு சதவீதம். இதுல பதினாறு."

"இன்னொருக்க பாருங்க."

"பாத்துட்டேன்க்கா. எறங்கிட்டே இருக்கு."

என் தலைவலிக்குத் தூக்கமின்மைதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

நாள் 85. மதியத்துக்குப் பின்.
இதைக் கண்டெடுப்பவருக்கு. இருவரும் உடுப்பு அணிந்து வெளிக்கதவு அறையில் இருக்கிறோம். நாங்கள் வந்திறங்கிய, பூமி திரும்பும் கலம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான். உடுப்பில் உள்ள காற்று அங்கே போகப் போதும், திரும்பிவரப் போதாது. இஞ்ஞாசியால் தனியாக நடக்க முடியவில்லை. ஆண் மீனையும் டெட்ராக்களையும் தாயோடு சேர்த்துவிட்டேன். விளக்கு எரிகிறது. மீன்கள் எல்லாம் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து

எழுத வரவில்லை.

கலத்தின் எரிபொருள் அளவை இங்கிருந்து பார்க்க முடியாது. பூமிதான் சொல்ல வேண்டும். பூமித் தொடர்பு என் காதில் மட்டும், மறுமுனையில் அம்பலவாணன். கேட்டேன்.

"ஃபுல் டேங்க் மேடம். நூறு சதவீதம். தைரியமா ஏறுங்க."

நூறு. இங்கே இறங்கியபோது எரித்ததும் அதே டேங்கிலிருந்துதான். பாதிக்கு மேல் தீர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இஞ்ஞாசி என் தோளைத் தட்டுகிறார்.

"எவ்ளோ இருக்காம்க்கா?"

நூறு என்றால் பொய் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். அவர் பொறியாளர். உண்மை அளவு எனக்கும் தெரியாது.

"நாப்பத்தி மூணு" என்றேன்.

"போதும்க்கா. ஊருக்குப் போயிரலாம்."

வெளிக்கதவைத் திறக்கி